தகப்பன் பெயர் எழுதாத ஏடு

தாமஸ் ஜெஃபர்சன் கணக்கு எழுதச் சலிக்காதவர். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய அதே கைதான், வர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ என்ற தன் மலைமேட்டுப் பண்ணையில் யாருக்குப் போர்வை கொடுத்தாயிற்று, யாருக்கு எவ்வளவு துணி, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மீன் என்றெல்லாம் குறித்துவைத்தது. 1774இல் தொடங்கிய அந்தப் பண்ணை ஏடு இப்போது பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. அவருக்கு உடைமையாக இருந்த மனிதர்களின் பட்டியலும் அதில்தான் உண்டு. சாலி என்ற பெயருக்குக் கீழே பெவர்லி, ஹாரியட், மாடிசன், எஸ்டன் என்று பிள்ளைகள் வருகிறார்கள். 1798, 1801, 1805, 1808 என்று பிறந்த ஆண்டுகளும் வருகின்றன. தகப்பன் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

மறந்துபோய் விட்டதல்ல அது. பிள்ளை தகப்பனின் நிலையைப் பெறும் என்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். வர்ஜீனியா அதை 1662இல் சட்டம் போட்டுத் தலைகீழாக்கியது. பிள்ளை அடிமையா, சுதந்திர மனிதனா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றானது. அடிமைப் பெண்ணிடம் பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் யாராக இருந்தாலும் அது அடிமைதான். அவனே எஜமானனாக இருந்தால் அவனுடைய சொத்தில் ஒரு தலை கூடும். தகப்பன் பெயரை எழுத வேண்டிய தேவையைச் சட்டமே இல்லாமல் செய்துவிட்டது. பழைய குடும்ப ஆவணத்தைக் கையில் எடுக்கிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது, அதை எழுதியவருக்கு எதை எழுதும் கட்டாயம் இருந்தது, எதை எழுதாமல் விடும் வசதி இருந்தது என்பதைத்தான். ஏட்டில் இல்லாததாலேயே ஒன்று நடக்கவில்லை என்று ஆகாது.

சாலி ஹெமிங்ஸ் 1773இல் பிறந்தவர். அவருடைய தகப்பன் ஜான் வேல்ஸ், ஜெஃபர்சனின் மாமனார். வேல்ஸ் இறந்தபின் அவருடைய அடிமைகள் பங்கு பிரிக்கப்பட்டபோது கைக்குழந்தையான சாலியும் ஜெஃபர்சன் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தார். நம் முறையில் சொன்னால் ஜெஃபர்சனுக்கு அவர் கொழுந்தியாள். சட்டப்படி உடைமை. ஜெஃபர்சனின் மனைவி மார்த்தா 1782இல் இறந்தார். 1787இல், பாரிஸில் தூதராக இருந்த தகப்பனிடம் அவருடைய இளைய மகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துணையாக அனுப்பப்பட்டபோது சாலிக்கு 14 வயது. ஜெஃபர்சனுக்கு 44. இரண்டு ஆண்டுகள் கழித்து எல்லோரும் வர்ஜீனியா திரும்பினார்கள். பிரெஞ்சு மண்ணில் நின்று விடுதலை கேட்டிருந்தால் சாலிக்குக் கிடைத்திருக்கும்.

சாலிக்கும் ஜெஃபர்சனுக்கும் இடையில் இருந்ததாகச் சொல்லப்படும் உறவைக் காதல் என்று எழுதியவர்கள் உண்டு, நாவலும் படமும் ஆக்கியவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லை எழுத மனம் வரவில்லை. மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லாத ஒரு பெண்ணின் மனத்தில் என்ன இருந்தது என்று எந்த ஏடும் சொல்லவில்லை. அவர் கைப்பட எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை.

1802 செப்டம்பரில் ஜேம்ஸ் காலண்டர் என்ற பத்திரிகையாளர் ரிச்மண்டில் இந்த உறவுச் செய்தியை அச்சில் ஏற்றினார். ஜெஃபர்சன் அப்போது நாட்டின் அதிபர். காலண்டர் கேட்ட பதவி கிடைக்காத கோபத்தில் இருந்தவர். எழுதியதில் வன்மமும் இனவெறுப்பும் நிறையவே இருந்தன. ஜெஃபர்சன் பொதுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசிவரைக்கும் பேசவில்லை. பேசும் பொறுப்பு பிள்ளைகள் மேலும் பேரப்பிள்ளைகள் மேலும் விழுந்தது.

அவர்கள் பேசிய விதத்தில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜெஃபர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹென்றி ராண்டால், பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப் தன்னிடம் சொன்னதை 1868இல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். ஜெஃபர்சனின் மூத்த மகள் மார்த்தா, சாவதற்குச் சில காலம் முன்பு, தன் மகன்கள் இருவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். ஹெமிங்ஸ் பிள்ளைகளில் தன் தகப்பனின் சாயல் அப்படியே இருக்கிறவன் எப்போது பிறந்தான் என்று கேட்கிறார். மகன் அடிமைகளின் பட்டியல் இருந்த ஏட்டைப் புரட்டித் தேதியைக் கண்டுபிடித்துச் சொல்கிறான். அந்தத் தேதிக்கு முந்தைய 15 மாதங்கள் உங்கள் தாத்தாவும் சாலியும் ஒரே இடத்தில் இருக்கவே இல்லை, இதை நினைவில் வைத்துக்கொண்டு தாத்தாவின் பெயரைக் காப்பாற்றுங்கள் என்கிறார் தாய். பிற்பாடு தானும் ஒரு பழைய கணக்கேட்டில் அந்தப் பிறப்புக் குறிப்பைப் பார்த்ததாகவும், 15 மாதப் பிரிவை நிரூபிக்கத் தன்னால் முடிந்ததாகவும் ராண்டால் எழுதுகிறார்.

அப்படி ஒரு 15 மாதப் பிரிவு எந்தப் பிள்ளைக்கு முன்னாலும் இல்லை. ஜெஃபர்சன் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்பதை அவருடைய அன்றாடச் செலவுக் குறிப்புகளும் கடிதங்களும் காட்டிக்கொடுக்கின்றன. டூமாஸ் மலோன் என்ற வரலாற்றாசிரியர் ஜெஃபர்சனின் வாழ்க்கையைப் பல தொகுதிகளாக எழுதியபோது அந்த நாட்களை வரிசைப்படுத்தித் தந்தார். சாலி விவகாரத்தை அவர் நம்பியவரே இல்லை. ஆனால் அவர் தந்த வரிசையைப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த வின்த்ரோப் ஜோர்டன், ஒவ்வொரு பிள்ளையும் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில்தான் இருந்தார் என்பதை 1968இல் எடுத்துக்காட்டினார். அரசு வேலைகளால் ஜெஃபர்சன் பெரும்பாலும் வெளியூர்களில் இருந்த ஆண்டுகள் அவை. அவர் ஊரில் இல்லாத காலத்தில் சாலி கருவுற்றதே இல்லை.

மார்த்தா தெரிந்தே பொய் சொன்னாரா, வேண்டி விரும்பி அப்படியே நம்பிவிட்டாரா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. தகப்பன் மேல் உயிரை வைத்திருந்த மகள். ஒரே வீட்டில் வளர்ந்தும் நாளும் பார்த்தும் கேட்க முடியாத கேள்வியை வாழ்நாள் முழுக்க மனத்துக்குள் சுமந்தவர். அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் அவர் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது ஒரு முடிவை; ஏடு அந்த முடிவுக்குச் சாட்சி சொல்லவே திறக்கப்பட்டது. விடையை முதலில் வைத்துக்கொண்டு ஆவணத்தைத் திறக்கிறவர்கள் தேதியைப் படித்தாலும் படிக்காதவர்களே. அன்றாடச் செலவுக் குறிப்புகளையும் புரட்டியிருந்தால் போதும்.

தாத்தா இல்லையென்றால் தகப்பன் யார்? ஜெஃபர்சனின் சகோதரி மகன் பீட்டர் கார் என்றார் பேரன். அவர் தம்பி சாமுவேல் கார் என்று 1858இல் தன் கணவருக்கு எழுதினார் பேத்தி எலன் கூலிட்ஜ். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் இப்படி ஆளுக்கொருவரைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜெஃபர்சனைப் போல உடுத்தி அந்தி வெளிச்சத்தில் சற்றுத் தள்ளி நின்றால் ஜெஃபர்சன் என்றே நினைத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டவரும் அதே பேரன்தான். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் தலையில், அதுவும் தாயின் சொந்த அத்தை மகன்கள் தலையில், பழியைப் போட்டிருக்கிறார்கள். குடும்ப மானம் என்று சொல்லிச் செய்கிற காரியங்களில் இது எல்லா நாட்டிலும் நடக்கிறது. மானம் ஒருவருக்கு, விலை கொடுப்பவர் இன்னொருவர்.

சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் தன் வாயால் சொன்னது 1873 மார்ச்சில் ஓஹையோ மாநிலத்தில் பைக் கவுண்டி ரிபப்ளிகன் என்ற சிறிய செய்தித்தாளில் வந்தது. தச்சுவேலை செய்து பிழைத்தவர். வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கெஞ்சிக் கேட்டு எழுத்துக் கற்றவர். தாய் பாரிஸில் கர்ப்பமானார், திரும்பிவர மறுத்தார், பிறக்கிற பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை தருவதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே திரும்பினார் என்கிறார் மாடிசன். ஜெஃபர்சன் தங்களிடம் தகப்பனாக ஒருநாளும் பாசம் காட்டியதில்லை, வெள்ளைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டினார் என்பதையும் சொல்கிறார். ஒரு சின்ன விஷயம்: தனக்குப் பெயர் வைத்தவர் அன்றைக்கு மாண்டிசெல்லோ வந்திருந்த டாலி மாடிசன் என்றும், பெயர் வைக்க விட்டால் நல்ல பரிசு தருகிறேன் என்று தாயிடம் சொன்ன அந்த அம்மாள் பிறகு எதுவும் தரவில்லை என்றும் நினைவுகூர்கிறார். 68 வயதுக் கிழவர், தாய் வாங்காத பரிசை மறக்கவில்லை.

புகழுக்காக இட்டுக்கட்டுகிறவரின் பேச்சாக எனக்கு இது கேட்கவில்லை. ஆனால் அன்று எதிர்த்தரப்புச் செய்தித்தாள் கேலி செய்தது. பிறகு நூறு ஆண்டுக்கு மேல், வரலாற்றாசிரியர்கள் பலரும் இதைச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேரன் சொன்னது குடும்ப நினைவு; அடிமையாகப் பிறந்த மகன் சொன்னது வதந்தி. சட்டம் படித்த அனெட் கார்டன்-ரீட் 1997இல் எழுதிய நூலில் செய்தது எளிய காரியம். இரண்டு தரப்பின் பேச்சையும் ஒரே அளவில் நிறுத்தார். யார் சொன்னதில் தேதி பொருந்துகிறது, யார் சொன்னது பிற ஆவணங்களோடு ஒத்துப்போகிறது, யார் எப்போது அங்கே இருந்தார் என்று கேட்டார். உதாரணத்துக்கு, மாண்டிசெல்லோவின் மேற்பார்வையாளர் எட்மண்ட் பேகன், ஹாரியட்டின் தகப்பன் வேறொருவர், அவர் சாலியின் அறையிலிருந்து வந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்தது 1806இல். ஹாரியட் பிறந்தது 1801இல்.

இதே பேகன் இன்னொன்றும் சொன்னார். 1822இல் ஹாரியட் வீட்டை விட்டுப் போனபோது, ஜெஃபர்சன் சொன்னபடி, ஃபிலடெல்ஃபியாவுக்கு வண்டிக் கட்டணம் கட்டி, கையில் 50 டாலரும் கொடுத்தனுப்பியவர் அவர்தான். பண்ணை ஏட்டில் ஹாரியட் பெயருக்கு எதிரே ஜெஃபர்சன் எழுதியிருப்பதோ, ஓடிப்போய்விட்டாள் என்று. பெவர்லிக்கும் அப்படித்தான். எஜமானரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஓடிப்போன இருவரையும் யாரும் தேடவில்லை. இருவரும் வெள்ளைக்காரர்களாக வாழ்ந்து, பெயர் மறைத்து, கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் யார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. மாடிசனுக்கும் எஸ்டனுக்கும் 1826ஆம் ஆண்டு உயில் விடுதலை கொடுத்தது. ஏன் என்ற காரணம் அதில் இல்லை. அடுத்த ஆண்டு சனவரியில், ஜெஃபர்சன் விட்டுப்போன கடனுக்காக, மாண்டிசெல்லோவில் சுமார் 130 பேர் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். அவர்களுக்கும் தகப்பன் பெயர்கள் இருந்தன.

1998 நவம்பரில் யூஜீன் ஃபாஸ்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும், அதிகம் மாறாமல் இறங்கிவருவது. ஜெஃபர்சனுக்கு ஆண்வழிச் சந்ததி நிலைக்காததால் அவருடைய சித்தப்பா பெரியப்பா வழியில், ஃபீல்ட் ஜெஃபர்சன் என்பவரின் ஆண்வழிச் சந்ததியாரிடம் ரத்தம் எடுத்தார்கள். எஸ்டனின் ஆண்வழிச் சந்ததி ஒருவரின் குரோமோசோம் அதோடு பொருந்தியது. கார் குடும்பத்தின் குரோமோசோம் பொருந்தவில்லை. எஸ்டனைப் பொறுத்தவரை, பேரனும் பேத்தியும் சொன்ன கதை அத்தோடு விழுந்தது.

ஆனால் அந்தச் சோதனை தாமஸ் ஜெஃபர்சன் என்று தனியாக ஒருவரைச் சுட்டாது. ஜெஃபர்சன் ஆண்வழியில் வந்த எவராகவும் இருக்கலாம் என்பதே அதன் அளவு. ஐயமில்லாமல் நிரூபித்துவிட்டதைப் போல நேச்சர் தலைப்பிட்டது தவறு. ஆய்வு செய்தவர்களே பிறகு அதைத் தெளிவுபடுத்தினார்கள். ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபாக இருக்கலாமே என்று 2001இல் அறிஞர் குழு ஒன்று வாதிட்டது. தம்பி 1807 ஆகஸ்டில் மாண்டிசெல்லோவுக்கு அழைக்கப்பட்டதற்குக் கடிதம் இருக்கிறது, வந்ததற்குப் பதிவில்லை. மரபணு முடிவு வருவதற்கு முன், கார் சகோதரர்கள் கைவிட்டுப் போவதற்கு முன், தம்பியைக் குறித்து யாரும் இவ்வளவு தீவிரமாகப் பேசியதில்லை. மாண்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை 2000 சனவரியில், ரத்தத்தையும் ஏட்டையும் மாடிசனின் வாக்குமூலத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எஸ்டனுக்குத் தகப்பன் தாமஸ் ஜெஃபர்சனாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம், மற்றப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அவரே என்ற முடிவுக்கு வந்தது. நானும் அதைத்தான் நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன்.

அதே சோதனையில் இன்னொரு குடும்பமும் இருந்தது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தாமஸ் உட்சன் என்பவரின் வழிவந்த கறுப்பினக் குடும்பத்தார், அவர் சாலிக்கும் ஜெஃபர்சனுக்கும் பிறந்த தலைப்பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்த கிளைகளும் ஒரே கதையைச் சொல்லின. ஐந்து பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஜெஃபர்சன் வழியோடு ஒருவருடையதும் பொருந்தவில்லை. எளியவர் வாய்மொழியை நம்ப வேண்டும் என்று மேலே எழுதிய எனக்கு இந்த இடம் கடினமானது. எளியவர் சொன்னார் என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடுவதில்லை. மாடிசனை ஏற்பது அவர் அடிமையாக இருந்ததால் அல்ல, அவர் சொன்னது தேதிகளோடு நின்றதால். உட்சன் குடும்பத்தார் பொய்யர்களும் அல்ல. பெரியவர்கள் சொன்னதைக் கைமாற்றிக் கொடுத்தவர்கள். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர்கள். விடை எப்படி வரும் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரும் துணிவு, ஏட்டை மூடிவைத்த வீட்டில் இல்லாதது.

எஸ்டனின் குடும்பம் வேறு வழியில் போனது. 1852 வாக்கில் அவர் விஸ்கான்சின் போனார், ஹெமிங்ஸ் என்ற பெயரை விட்டு ஜெஃபர்சன் என்று வைத்துக்கொண்டார், குடும்பத்தோடு வெள்ளையராக வாழ்ந்தார். 1940களில் அவர் சந்ததியார், நாம் ஜெஃபர்சனின் ஒரு சிற்றப்பன் வழியில் வந்தவர்கள் என்று கதையை மாற்றிவிட்டார்கள். சாலியின் பெயரை அழிக்காமல் அந்தக் கதை நிற்காது. பிள்ளைகள் வெள்ளையர் பள்ளியில் படிக்கவும் கௌரவமான வேலை பெறவும் ஒரு பாட்டியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்த நாடு அது. அந்தத் தகப்பன்மாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1974இல் வந்த ஃபான் பிராடியின் நூலில் எஸ்டன் என்ற பெயரைப் பார்த்த பிறகுதான் பேரப்பிள்ளைகளுக்குச் சந்தேகம் தட்டியது. 1998இல் ரத்தம் கொடுத்தவர் அந்த வழியில் வந்தவர்.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் பக்கம் சொல்வார்கள். அயலானின் பிறப்பைக் கிளறி அவமானப்படுத்துகிறவனைத் தடுக்கச் சொன்னதாக இருந்தால் நல்ல சொல். பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் நம்மிடம், அந்த எழுத்து இல்லாத பிள்ளை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மாண்டிசெல்லோவில் மூலம் பார்க்க வேண்டாம் என்பது யாரைக் காப்பாற்றும்? சாலியை அல்ல, அவர் பிள்ளைகளையும் அல்ல. அதனால் யார் கேட்கிறார் என்று பார்ப்பேன். தன் பாட்டியின் வாழ்க்கையை அறியக் கேட்கிற பேரனுக்கு எந்த ஏட்டையும் திறந்து காட்டலாம். அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவனுக்குக் காட்ட வேண்டியதில்லை. திறந்தபின் முன்னோரில் ஒருவர் இழிந்த காரியம் செய்தார் என்று தெரியவந்தால், அந்த இழிவு செய்தவரோடு நிற்க வேண்டும். பிறந்த குழந்தையிடம் போய் ஒட்டக் கூடாது, பெற்றவளிடமும். பிறப்பில் தப்பு என்று ஒரு பிள்ளையைச் சொல்கிற வாய், அந்தத் தப்பைச் செய்யத் தெரிந்தே நடந்தவனின் பெயரைச் சொல்லத் தயங்குகிறது.

மாண்டிசெல்லோவில் ஜெஃபர்சன் சந்ததியாருக்கென்று ஒரு கல்லறை நிலம் உண்டு. ஹெமிங்ஸ் வழியினரைத் தங்கள் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்று 2002இல் அவர்கள் வாக்களித்தார்கள். 2018 சூனில் அதே மலையில், சாலி வாழ்ந்ததாகக் கருதப்படும் அறையை மீட்டு, அவர் வாழ்க்கையைச் சொல்லும் காட்சியாக அறக்கட்டளை திறந்தது.

மாடிசனுக்கு இன்று ஆண்வழிச் சந்ததி இருப்பதாகத் தெரியவில்லை. உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த அவர் மகன் வில்லியத்தின் கல்லறை கன்சாஸில் லெவன்வொர்த் படைவீரர் மயானத்தில் இருப்பது பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது. தோண்டி எலும்பைச் சோதித்தால் மாடிசனுக்கும் விடை கிடைத்துவிடும் என்று கேட்டார்கள். மாடிசன் வழிவந்த பெண்மக்களின் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. தங்கள் தாத்தா சொன்னது தங்களுக்குப் போதும் என்பது அவர்கள் நிலை. ஆய்வு நோக்கில் பார்த்தால் இது இழப்பு. உட்சன் குடும்பத்தின் துணிவைப் போற்றிவிட்டு இவர்களின் மறுப்பையும் சரி என்பது முரணாகத் தோன்றும். ஆனால் உயிரோடிருப்பவர் தன் கையை நீட்டுவதும், இறந்தவரின் எலும்பை மற்றவர்கள் நம்புவதற்காகக் கிளறுவதும் ஒன்றல்ல. பேரன் சொன்ன 15 மாதத்தை நம்புவதற்கு நூறாண்டுக் காலம் யாரும் ஒரு குழியைத் தோண்டச் சொல்லவில்லை. மாடிசனின் வாக்குமூலத்துக்கு மட்டும் அது எதற்கு?